பிக்கப்பை மாற்றும் முன்: உயரமும் கம்பியும்

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகை எலெக்ட்ரிக் கிட்டார், மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். கழுத்துப் பக்கம் இருக்கிற நெக் பிக்கப்பில் தடித்த கம்பிகள் போர்வைக்குள் இருந்து கேட்கிற மாதிரி குமுறுகின்றன. 12ஆவது ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே இருக்கிற உலோகக் கோடு) தாண்டினால் மிகத் தடித்த ஆறாவது கம்பியில் சுருதி நிற்காமல் அலையடிக்கிறது. கம்பிகளின் வால்பக்கம் இருக்கிற பிரிட்ஜ் பிக்கப்போ மெலிந்துபோய்க் காதைக் குத்துகிறது. போட்டிருப்பது 9 செட் என்கிற மெல்லிய கம்பி. பிக்கப்பை மாற்றினால் சரியாகுமா, இல்லை கொஞ்சம் தடித்த 10 செட் போட்டால் போதுமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். குமுறலும் அலையடிப்பும் பிக்கப் கம்பிக்கு அளவுக்கு மீறி நெருக்கமாக இருப்பதால் வருகிறவை, நீங்கள் விவரித்ததைப் படித்ததுமே தெரிகிறது. பிரிட்ஜ் குத்துவது பாதி உயரம், பாதி வயரிங். வயரிங்கைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிக்கப் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். பிக்கப் மைக் இல்லை, அது சத்தத்தைக் கேட்பதில்லை. உள்ளே காந்தம், அதைச் சுற்றி தலைமுடி அளவுக்கு மெல்லிய செம்புக் கம்பி ஏழெட்டாயிரம் சுற்று. காந்தம் தனக்கு மேலே இருக்கிற எஃகுக் கம்பியையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது, அந்தக் கம்பி ஆடும்போது காந்தப்புலமும் சேர்ந்து ஆடுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது, அதுதான் ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) போகிறது. காந்தப்புலம் தூரம் கூடக்கூட மளமளவென்று குறையும் என்பதால் ஸ்க்ரூவை அரைத் திருகு திருப்பினாலே காதுக்குத் தெரிகிற வித்தியாசம் வருகிறது. ஆம்பில் ஒரு நாப்பைப் பாதி சுற்று திருப்புவதற்குச் சமமான மாற்றத்தை இங்கே அரை மில்லிமீட்டர் தந்துவிடும், அதுவும் இலவசமாக.

சரி, நெருங்கினால் என்ன ஆகும்? சத்தம் கூடும், கம்பியைத் தட்டுகிற அந்த முதல் நொடியின் அடி அழுத்தமாக வரும், பேஸ் பெருகும். கேட்க ஜோராக இருக்கும், அதனால்தான் கிட்டார் வாங்கிய எல்லோரும் முதல் மாதத்திலேயே பிக்கப்பை மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் காந்தம் கம்பியைக் கேட்பதோடு நிற்காமல் இழுக்கவும் செய்கிறது. கம்பி ஒரே திசையில் ஆடுவதில்லை, மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டிலும் ஆடும். காந்தத்தின் இழுப்பு மேலும் கீழுமான ஆட்டத்தைக் கொஞ்சம் மந்தமாக்கிவிடுகிறது, பக்கவாட்டு ஆட்டத்தை அந்த அளவுக்குத் தொடுவதில்லை. ஆக ஒரே கம்பியில் இம்மி வித்தியாசத்தோடு இரண்டு சுருதிகள். இரண்டு வயலின் ஒரே ஸ்வரத்தில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிசகி நின்றால் எப்படி அலையடிக்குமோ அதேதான் இங்கேயும் நடக்கிறது. கூடவே ஒலி நீடிக்காமல் சீக்கிரம் அடங்கிவிடும். ஸ்ட்ராட்டில் இது அடிக்கடி வருவதால் ஆங்கிலத்தில் ஸ்ட்ராடைட்டிஸ் என்று ஒரு வியாதிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஏன் ஸ்ட்ராட்டில் அதிகம் என்றால், பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில் கம்பிக்குக் கீழே தெரிகிற ஆறு உருளைகளும் காந்தமே, அல்னிகோ 5 என்றால் நல்ல பலமான காந்தம். ஹம்பக்கரிலும் (இரட்டைச் சுருள் பிக்கப்) பி-90யிலும் (இன்னொரு வகை சிங்கிள் காயில்) மேலே தெரிகிற ஸ்க்ரூ வெறும் எஃகு, காந்தம் அடியில் படுத்திருக்கிறது, அதனால் கம்பியின் மேல் இழுப்பு குறைவு. விலை குறைந்த ஸ்ட்ராட் வகைகள் பலவற்றிலும் இப்படித்தான், எஃகு உருளை, அடியில் பட்டையாக ஒரு செராமிக் காந்தம். அவற்றைக் கொஞ்சம் தைரியமாக ஏற்றலாம். உங்களுக்கு 12க்கு மேல்தான் அலையடிக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மேல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி பிக்கப்பை நோக்கி இறங்குகிறது, மிஞ்சியிருக்கிற குட்டைக் கம்பியின் நடுப்பகுதியும் நெக் பிக்கப்பை நோக்கி நகர்கிறது. தடித்த கம்பியில் இரும்பு அதிகம், இழுப்பும் அதிகம். மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. நெக் பிக்கப்பை முடிந்த மட்டும் கீழே இறக்கிவிட்டு, பிரிட்ஜ் பிக்கப்பில் வைத்து, அதே 14, 15ஆவது ஃப்ரெட் ஸ்வரங்களை ஆறாவது கம்பியில் வாசியுங்கள். அலை போய்விட்டால் குற்றவாளி காந்தம்தான். போகவில்லை என்றால் கம்பி பழசு, அல்லது ஃப்ரெட்டில் எங்கோ உரசுகிறது. பிரிட்ஜ் பிக்கப்பில் கேட்கச் சொல்வது ஏனென்றால் நெக் காந்தம் பிடித்து இழுக்கிற இழுப்பு நீங்கள் எந்த பிக்கப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இருந்துகொண்டேதான் இருக்கும். சுவிட்ச் காந்தத்தை அணைப்பதில்லை. நிறைய பேர் இதை யோசிப்பதே இல்லை. நெக் பிக்கப் பயன்படுத்தாதவர்கள்கூட அதை உச்சியில் விட்டுவைத்து பிரிட்ஜ் டோனைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆறாவது கம்பிக்கு இண்டொனேஷன் (எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி பிசகாமல் இருப்பது) சரியாகவே வரமாட்டேன் என்கிறது, சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்கார்கிற துண்டு) எவ்வளவு நகர்த்தியும் போதவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கும் இதுதான் கதை.

இனி வேலைக்கு வருவோம். வரிசை முக்கியம். உயரம் என்பது கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே உள்ள தூரம், ஆக கம்பியின் உயரம் மாறினால் செய்ததெல்லாம் வீண். முதலில் நீங்கள் தொடர்ந்து போடப்போகிற கம்பியைப் புதிதாகப் போடுங்கள், இழுத்துவிட்டுச் சுருதி நிற்கும் வரை ட்யூன் செய்யுங்கள். அப்புறம் நெக்கின் வளைவு, அப்புறம் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கிற உயரம்), அப்புறம் இண்டொனேஷன், அதற்கும் பிறகுதான் பிக்கப். முடித்ததும் இண்டொனேஷனை இன்னொரு முறை பாருங்கள், காந்தத்தின் இழுப்பு மாறியிருக்கும். புதுக் கம்பி ஏன் என்றால், ஃப்ரெட் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்து, வியர்வையும் அழுக்கும் சுருளுக்குள் ஏறின கம்பியின் மந்தத்தைச் சரிசெய்ய பிக்கப்பை ஏற்றினீர்கள் என்றால் புதுக் கம்பி போட்ட அன்று காது கிழியும்.

அளவெடுப்பது எப்படி: முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப் உருளையின் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அழுத்தாமல் அளந்த எண்ணை யாராவது சொன்னால் ஒப்பிட்டுப் பயனில்லை. எஃகு ஸ்கேல் வேண்டாம், காந்தம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், ஸ்கேல் விளிம்பு பட்டு பிக்கப் மூடியும் கீறும். ஸ்க்ரூடிரைவரும் அப்படித்தான் தாவும், ஆம்ப் சத்தமாக இருக்கும்போது தாவினால் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப்போடும்.

ஸ்ட்ராட்டைச் செய்கிற ஃபெண்டர் நிறுவனம் தருகிற தொடக்க அளவு, பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. சாதாரண சிங்கிள் காயிலுக்கு 2 மற்றும் 1.6. டெக்ஸஸ் ஸ்பெஷல் மாதிரி சிக்னல் அதிகம் தருகிற பிக்கப்புக்கு 3.2 மற்றும் 2.4. ஹம்பக்கருக்கு இரு பக்கமும் 1.6. கிப்சன் தன் ஹம்பக்கர்களுக்கு நெக்கில் 2.4, பிரிட்ஜில் 1.6 என்கிறது. இதில் கவனிக்க வேண்டியது எண்களை விட அவை சாய்கிற திசை. பலமான காந்தம் என்றால் தூரம், தடித்த கம்பிப் பக்கம் என்றால் தூரம், நெக் என்றால் தூரம். இந்த மூன்றும் மனதில் இருந்தால் அட்டவணை தேவையில்லை. நெக் ஏன் தூரம் என்றால், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பி கட்டிவைத்த மாதிரி, ஆட்டம் சின்னது. நெக் பக்கம் ஆட்டம் பெரிது, அதனால் ஒரே உயரத்தில் வைத்தால் நெக் பிக்கப் பிரிட்ஜை அமுக்கிவிடும்.

இந்த அளவுகள் நான் கிளம்புகிற இடம் மட்டும்தான், போய்ச் சேருகிற இடம் காது முடிவு செய்வது. என் வழக்கம் இது. மூன்றையும் நன்றாகக் கீழே இறக்கிவிடுவேன். ஆம்ப் சுத்தமான சேனலில், பேஸ், மிட், ட்ரெபிள் எல்லாம் நடுவில், கம்ப்ரெசர், ஓவர்டிரைவ் எதுவும் கிடையாது, ஏனென்றால் அவை வித்தியாசத்தை எல்லாம் தட்டையாக்கிவிடும். கிட்டாரில் வால்யூம் முழுசாக. பிரிட்ஜ் பிக்கப்பிலிருந்து ஆரம்பிப்பேன், மூன்றில் பலவீனமானது அது, அதற்கு எது உச்சமோ அதை வைத்துத்தான் மற்ற இரண்டையும் அளவாக்க முடியும். அரைத் திருகு ஏற்று, வாசி, கேள். ஒரு கட்டத்தில் ஒலி திறந்து வரும், உடம்பு வரும், அதற்கும் மேலே ஏற்றினால் முன்பக்க அடி மட்டும் பெருத்து பின்னால் வருகிற ஒலி சுருங்கும். அந்த இடத்திலிருந்து அரைத் திருகு கீழே இறக்கினால் அதுதான் உங்கள் பிரிட்ஜ்.

இங்கே ஒரு பொறி உண்டு, நான் வருஷக்கணக்கில் விழுந்த பொறி. சத்தம் கூடினாலே காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும். ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் ஆம்பின் வால்யூமைக் குறைத்து முன்பிருந்த சத்தத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள். இதைச் செய்யத் தொடங்கியதும் என் பிக்கப்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. ஃபோனில் பதிவு செய்து கேட்கலாம் என்று தோன்றும், நல்ல யோசனைதான், ஆனால் பல ஃபோன்கள் சத்தத்தைத் தாங்களாகவே சமன்படுத்திவிடும், அதை நம்பி வால்யூம் சமநிலையை முடிவு செய்யாதீர்கள்.

பிரிட்ஜ் முடிந்ததும் நெக். சுவிட்சை இரண்டுக்கும் நடுவே மாற்றி மாற்றி, ஒரே சொற்றொடரை வாசித்து, சத்தம் ஏறக்குறைய சமமாக வரும் வரை நெக்கை ஏற்றுங்கள். தடித்த பக்கத்தைத் தனியாக, மெல்லிய பக்கத்தைத் தனியாக. உங்கள் கிட்டாரில் தடித்த பக்கம் 3 மி.மீ. அருகே போய் நின்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஐயோ இவ்வளவு கீழேயா என்று தோன்றும், மூடி பிக்கார்டோடு (கிட்டாரின் முன்பக்கத் தகடு) ஒட்டிக் கிடக்கிற மாதிரி தெரியும், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குமுறல் விலகி, கம்பியின் மேல் பிக் (கம்பியைத் தட்டுகிற சின்ன வில்லை) உரசுகிற அந்த மர ஒலி வெளியே வரும்.

நடு பிக்கப்பைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதன் முக்கிய வேலை தனியாக ஒலிப்பதில்லை, 2, 4 ஆகிய சுவிட்ச் நிலைகளில் மற்றவற்றோடு சேர்ந்து வாத்து கத்துகிற மாதிரியான அந்தக் குவாக் ஒலியைத் தருவது. இரண்டு பிக்கப்பும் சம பலத்தில் இருந்தால்தான் ஒன்று இன்னொன்றின் சில அலைகளைச் சரியாக வெட்டும், குவாக் ஆழமாக வரும். ஒன்று ஓங்கிவிட்டால் அதன் ஒலிதான் கேட்கும், சேர்ந்ததன் ஒலி கேட்காது. 4ஆம் நிலையில் வைத்து நடு பிக்கப்பைக் கால் திருகாக நகர்த்துங்கள், ஒரு இடத்தில் பளிச்சென்று அந்தக் கண்ணாடி ஒலி வந்து உட்காரும். பிக் போய் நடு பிக்கப்பில் இடிக்கிறவர்களுக்கு இதை இன்னும் கீழே வைப்பதில் வேறு லாபமும் உண்டு.

ஸ்க்ரூ விஷயம் கொஞ்சம். ஸ்ட்ராட்டிலும் சட்டத்தில் தொங்குகிற ஹம்பக்கரிலும் வலப்பக்கம் திருகினால் பிக்கப் மேலே வரும். நேரடியாக மரத்தில் முடுக்கி, அடியில் ஸ்பாஞ்ச் வைத்திருக்கிற வகையில் தலைகீழ், முடுக்கினால் கீழே போகும். ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது, பிக்கப் நகரவில்லை என்றால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அல்லது ரப்பர் குழாய் நசுங்கிப் போயிருக்கும், பிக்கார்டைத் திறந்து மாற்ற வேண்டும். பி-90யின் சோப்புக்கட்டி வகையில் பிக்கப்பின் நடுவிலேயே ஸ்க்ரூ இறங்குகிறது, அதை ஏற்ற அடியில் அட்டை அல்லது ஸ்பாஞ்ச் கொடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஆறு உருளைகள். பழைய பாணி ஸ்ட்ராட்டில் அவை ஒரே உயரத்தில் இல்லை, மூன்றாவது கம்பியான ஜிக்குக் கீழே உயர்ந்தும் இரண்டாவது கம்பியான பி-க்குக் கீழே தாழ்ந்தும் இருக்கும். 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது ஜி கம்பியும் சுருள் சுற்றிய கம்பியாகவே இருந்தது, உள்ளே எஃகு குறைவு, ஒலி குறைவு, அதை ஈடுகட்டத்தான் உயரம். இன்று நாம் போடுவது சுருள் இல்லாத முழு எஃகு ஜி. உருளை மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது, அதனால் சில கிட்டார்களில் ஜி கம்பி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். உடனே கட்டைவிரலால் உருளையை உள்ளே தள்ளலாம் என்று தோன்றும். தள்ளாதீர்கள். பழைய முறையில் செய்த பிக்கப்பில் செம்புக் கம்பி நேராக அந்தக் காந்தத்தின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது, உருளை நகர்ந்தால் உள்சுற்று அறுந்துவிடும். நான் ஒரு பிக்கப்பை இப்படித்தான் கொன்றேன், டக் என்று ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது பேசவில்லை. ஜி துருத்தினால் பிக்கப்பின் மெல்லிய பக்கத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது ஜியை மட்டும் ஒரு அளவு மெல்லியதாகப் போடுங்கள். ஹம்பக்கரில் தெரிகிற ஸ்க்ரூ தலைகளைத் தாராளமாகத் திருகலாம், அவை அதற்காகவே இருக்கின்றன, ஃப்ரெட்போர்டின் வளைவை ஒட்டி நடுவில் இரண்டு கொஞ்சம் உயர்ந்து நின்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இறக்குவதில் நஷ்டமே இல்லையா என்றால், ஒன்று உண்டு. சிங்கிள் காயிலின் இரைச்சல் அறையில் இருக்கிற மின்சாரத்திலிருந்து வருகிறது, பிக்கப்பை இறக்கினால் கம்பியின் ஒலி குறைகிறது, இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஆம்பில் கெயினை (சிக்னலைப் பெருக்குகிற நாப்) ஏற்றி ஈடுகட்டும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். ஆகவே பாதாளத்துக்கு இறக்கவும் வேண்டாம். இஎம்ஜி மாதிரி பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அவற்றின் காந்த இழுப்பு மிகச் சின்னது, கம்பிக்கு நெருக்கமாகவே வைக்கலாம். ஹெவி டிஸ்டார்ஷன் வாசிப்பவர்கள் பிரிட்ஜ் ஹம்பக்கரைக் கம்பியோடு ஒட்டிவைப்பதைப் பார்க்கிறேன், ஒரு முறை ஒரு மில்லிமீட்டர் இறக்கி, ஆம்பில் கெயினைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், பாம் ம்யூட்டின் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) கணீர் தனியாகத் தெரியும்.

இப்போது கம்பி. 9 செட் என்றால் முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு, ஏறக்குறைய 0.23 மி.மீ. 10 என்றால் 0.25. கேட்க ஒன்றுமில்லாத வித்தியாசம், ஆனால் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் ஸ்ட்ராட்டின் 25.5 அங்குல ஸ்கேலில் (இங்கே ஸ்கேல் என்பது கம்பி ஆடுகிற நீளம்) 9 கம்பி இ சுருதிக்கு சுமார் 6 கிலோ இழுத்தால் 10 கம்பி 7.3 கிலோ இழுக்கும். ஒரே கம்பியில் இருபது சதவீதத்துக்கு மேல். செட் முழுக்கக் கூட்டினால் 9-42க்கும் (முதல் கம்பி 9, ஆறாவது 42) 10-46க்கும் ஏழெட்டு கிலோ வித்தியாசம் நெக்கின் மேல் விழுகிறது. கிப்சனின் 24.75 அங்குல ஸ்கேலில் அதே கம்பி ஆறு சதவீதம் தளர்வாக இருக்கும், அதனால்தான் கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில் 10 வாசிக்கிறவர் ஸ்ட்ராட்டில் 9 போட்டுக்கொண்டு இரண்டும் கைக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார். அரைச் சுருதி இறக்கினால் இன்னும் பதினொரு சதவீதம் தளரும்.

தடித்த கம்பிக்கு நல்ல டோன் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் 13 போட்டார் என்பதிலிருந்து வந்தது. போட்டார், உண்மை, ஆனால் அரைச் சுருதி இறக்கி வைத்து, இரும்பு மாதிரியான கையோடு. ஸீஸீ டாப் (ZZ Top) இசைக்குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7, 8 என்று நூல் மாதிரி கம்பியில் வாசிக்கிறார், அவர் டோனில் யாரும் உடம்பு குறைவு என்று சொல்லிக் கேட்டதில்லை. பிளாக் சப்பாத் இசைக்குழுவின் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த பிறகு மெல்லிய கம்பியையும் இறக்கிய சுருதியையும் நாடினார், கனமான ஒலி என்றால் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். தடித்த கம்பியில் இரும்பு அதிகம், பிக்கப்புக்கு சிக்னல் அதிகம், ஓங்கி அடித்தாலும் சுருதி அவ்வளவாக மேலே தாவாது, இவை உண்மையான லாபங்கள். மெல்லிய கம்பியில் பெண்டும் (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) வைப்ரேட்டோவும் (சுருதியை அசைப்பது) எளிது, மேல் ஒலிகள் பளிச்சென்று வரும், காந்தமும் குறைவாக இழுக்கும். கை வலித்து பெண்ட் சுருதிக்கு எட்டாமல் நின்றால் அந்தத் தடித்த டோனை வைத்து என்ன செய்வது? நீங்கள் ஓங்கி அடிக்கிறவர், கம்பி தொளதொளவென்று ஆடுகிறது என்றால் 10க்குப் போங்கள். இல்லையென்றால் 9இலேயே இருங்கள். இரண்டுக்கும் நடுவே 9.5 செட்டும் கிடைக்கிறது, மேலே 9 கீழே 46 என்று கலப்புச் செட்டும் உண்டு.

உலோகத்தைப் பற்றி ஒரு விஷயம், உறைகளில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. சுருள் இல்லாத மேல் மூன்று கம்பிகளும் ஏறக்குறைய எல்லாச் செட்டிலும் ஒன்றேதான், தகரம் பூசிய எஃகு. நிக்கல், ஸ்டெயின்லெஸ் என்கிற வித்தியாசம் எல்லாம் கீழ் மூன்று கம்பிகளின் மேல் சுற்றிய சுருளுக்கு மட்டும். ஆகவே உங்கள் பிரிட்ஜ் பிக்கப்பில் முதல் கம்பி குத்துகிறது என்றால் ப்யூர் நிக்கல் செட் வாங்கி அதை மழுங்கடிக்க முடியாது. தடித்த கம்பிகளில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். நிக்கல் பூசிய எஃகு நடுவாந்தரம், எதுவும் தெரியாத இடத்தில் அதிலிருந்து தொடங்குவது நல்லது. ப்யூர் நிக்கல் மென்மையாகவும் கொஞ்சம் அடங்கியும் வரும், பழைய காலத்து ஒலி, நெக் பிக்கப்பில் குமுறல் இருக்கிற உங்களுக்கு இப்போது வேண்டாம். ஸ்டெயின்லெஸ் பளீர் என்று இருக்கும், துருப்பிடிக்காது, ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். அக்வஸ்டிக் கிட்டாரின் வெண்கலச் சுருள் கம்பியை எலெக்ட்ரிக்கில் போட்டால் என்ன என்று யாரோ எப்போதும் கேட்பார்கள்: வெண்கலத்தைக் காந்தம் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கிற எஃகு நரம்பு மட்டும் ஒலிக்கும், கீழ்க் கம்பிகள் முனக, மேல் இரண்டும் கத்தும்.

மேல்பூச்சு பூசிய கம்பி நீண்ட நாள் உழைக்கும், கையில் கொஞ்சம் வழுக்கும், வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு நல்ல முதலீடு. எனக்கு அந்த வழுக்கல் பிடிக்காது, அது என் பிரச்சினை. ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான சுருள் சுற்றிய கம்பி) ஜாஸ் வாசிப்பவர்களுக்கு, அதிலும் ஜி சுருளோடு வரும், அப்போது அந்தப் பழைய உருளை உயரம் திடீரென்று அர்த்தமாகும்.

9இலிருந்து 10க்குப் போவதாக முடிவு செய்தால் கம்பியை மாற்றிவிட்டு எழுந்துபோக முடியாது. கூடுதல் இழுப்பில் நெக் முன்னால் வளையும், நெக்குக்குள் ஓடுகிற ட்ரஸ் ராடைக் கால் திருகு தொட வேண்டியிருக்கும். ட்ரெமொலோ (பிரிட்ஜை ஆட்டுகிற கைப்பிடி அமைப்பு) மிதக்கிற வகை என்றால் பிரிட்ஜ் முன்னால் எழும்பி ஆக்‌ஷன் ஏறும், பின்னால் ஸ்பிரிங்கை முடுக்க வேண்டும். நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற துண்டு) பள்ளத்தில் தடித்த கம்பி சிக்கினால் பெண்ட் செய்த பிறகு சுருதி திரும்பி வராது. இதெல்லாம் முடிந்ததும் பிக்கப் உயரத்தை மறுபடி பாருங்கள், இரும்பு கூடியிருப்பதால் தடித்த பக்கம் அரைத் திருகு இறங்க வாய்ப்பு அதிகம்.

சரி, பிரிட்ஜ் பிக்கப்பின் குத்தல். மற்ற இரண்டையும் இறக்கியதும் அது முன்பு போல் மெலிவாகத் தெரியாது, அதன் எதிரிகள் அடங்கிவிட்டதால். அதற்குப் பிறகும் குத்தினால், பிரிட்ஜில் வைத்துக்கொண்டு இரண்டு டோன் நாப்பையும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். ஒலி மாறவே இல்லையா? பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் ஒரு டோன் நாப் நெக்குக்கு, இன்னொன்று நடுவுக்கு, பிரிட்ஜுக்கு ஒன்றுமே கிடையாது, அதாவது அதன் ட்ரெபிளைக் குறைக்க கிட்டாரில் உங்களிடம் ஆயுதமே இல்லை. சுவிட்சில் ஒரு சின்ன ஒயரைப் பற்றவைத்து நடு பிக்கப்பின் டோன் நாப்பை பிரிட்ஜுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம், பத்து நிமிட வேலை. நாப்பை 7க்கு இறக்கி வாசித்துப் பாருங்கள், வேறு பிக்கப் போட்ட மாதிரி இருக்கும். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தொடங்கும் முன் இப்போதிருக்கிற அளவுகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர வழி வேண்டும். முடித்த அன்றே இன்னொரு அரைத் திருகு என்று கை அரிக்கும், காது களைத்துப் போயிருக்கும், விட்டுவிட்டு மறுநாள் கேளுங்கள். ஃப்ரெட்டை ஸ்டீல் வூல் போட்டுத் தேய்க்கிற உத்தேசம் இருந்தால் பிக்கப்பின் மேல் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள், அந்தத் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது தலைவலி.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிக்கப் மட்டும் எந்த உயரத்திலும் கீச்சென்று, சத்தம் இல்லாமல், உயிரற்றுக் கேட்டால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப் ஐந்தரை, ஆறரை கிலோ ஓம் போலக் காட்டும். முள் அசையவே இல்லை, எண்ணே வரவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது, என் உருளை தள்ளிய கதைதான். அப்போது தாராளமாகப் புது பிக்கப் வாங்குங்கள்.